சொகுசு எஸ்.யு.வி.க்கு ஆல்-சீசன் டயரா, வின்டர் டயரா? மிசிசாகாவுக்கும் குலசேகரத்துக்கும் சேர்த்து ஒரு கணக்கு

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒரே கேள்வி இரண்டு இடங்களிலிருந்து என்னிடம் வந்தது.

முதலில் கேட்டது மச்சினன். கனடாவில் மிசிசாகாவில் இருக்கிறான். மூன்று வருஷம் ஓடிய ஒரு ஜெர்மன் எஸ்.யு.வி.யை வாங்கியிருக்கிறான். சாதாரண வண்டி இல்லை, அதே மாடலில் பெரிய இன்ஜினும் 21 அங்குல அலாய் ரிம்மும் போட்ட ரகம். வீடியோ காலில் போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினான். "அத்தான், நாலு வீலும் இழுக்குற வண்டிதானே இது? ஆல்-சீசன் போட்டாப் போதாதா? வின்டர் டயர்னு தனியா ஒரு செட் வாங்கணுமா?"

இரண்டு நாள் கழித்து குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் மார்த்தாண்டத்தில் என் பட்டறைக்கு வந்தார். ஏறக்குறைய அதே வண்டி, அதே 21 அங்குலம். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள், தேய்ந்து போயிருந்தது. "ஒருத்தன் ஆல்-சீசன் போடச் சொல்லுகான், இன்னொருத்தன் வின்டர் டயர்தான் மழைக்கு நல்லதுன்னு சொல்லுகான். எதடே போட?"

நான் டயர் விற்பவன் இல்லை. அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும்தான் என் வேலை. எந்த டயர் விற்றாலும் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் தேய்ந்த டயரைக் கழற்றி, அது ஏன் அப்படித் தேய்ந்தது என்று பார்ப்பதே என் அன்றாட வேலை. இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதி வீடுகளில் ஒரு வண்டி இங்கேயும் இன்னொன்று கனடாவிலோ ஜெர்மனியிலோ நிற்கிறது. அதனால் இரண்டு பேருக்குமே இது உதவும்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

டயர் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று, சாலையின் வெப்பம். இதுதான் முதலும் முக்கியமும். டயர் தயாரிப்பவர்கள் எல்லோரும் சொல்லும் எல்லைக்கோடு 7 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனால் கோடைக்காலக் கலவையில் செய்த டயர் விறைக்கத் தொடங்குகிறது. வெண்பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை. சாலை காய்ந்து கிடந்தாலும் குளிர்ந்திருந்தால் பிடிப்பு குறைகிறது.

ரப்பர் வெட்டும் ஊரில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பிடிபடும். நம் மரத்துப் பாலில் வரும் இயற்கை ரப்பர் குளிரில் எளிதில் விறைக்காது. கண்ணாடிபோல் இறுகும் நிலைக்குப் போக சுழியத்துக்குக் கீழே 70 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். கோடை டயரில் அதிகம் சேர்க்கும் செயற்கை ரப்பர் அப்படி இல்லை. சூட்டில் நன்றாகப் பிடிக்கும், குளிரில் சீக்கிரம் இறுகிவிடும். அதனால்தான் வின்டர் டயர் கலவையில் இயற்கை ரப்பரையும் சிலிக்காவையும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். கனடாவில் பனியைப் பிடிக்கும் அந்த மென்மை, குலசேகரத்து மரம் கொடுக்கிற அதே பொருளின் குணம்தான்.

இரண்டு, தண்ணீர். நம் மாவட்டத்துக்கு இதுவே முதல் கேள்வி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கிறது. ஜூனில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தடவை. சாலையில் தேங்கிய தண்ணீரை டயர் ஒதுக்கித் தள்ளாவிட்டால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் நின்றுவிடும், வண்டி மிதக்கும். ஸ்டீயரிங் லேசாகப் போவதுபோல் தோன்றும் அந்த நொடி அதுதான். டயர் அகலம் கூடக்கூட இது சீக்கிரம் நடக்கும்.

மூன்று, எடை. இந்த வண்டிகள் இரண்டு டன்னுக்கு மேல். நாலு சக்கரமும் இழுப்பது கிளம்பவும் ஏறவும் உதவும். நிற்பதற்கும் வளைவதற்கும் அது உதவாது. அங்கே டயரை விட்டால் வேறு கதி இல்லை.

நான்கு, சைடு வாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின், உயரம். 275/40 ஆர்21 என்றால் அகலம் 275 மில்லிமீட்டர், சைடு வால் அதில் 40 சதவீதம், ரிம் 21 அங்குலம். அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 110 மில்லிமீட்டர் ரப்பர்தான் இருக்கிறது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, மண் போட்டு, அது அமுங்கிப்போன ஒரு பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஐந்து, மொத்தச் செலவு. டயரின் விலை அதில் ஒரு பகுதி மட்டும்தான். மற்றதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

## "பனி" என்ற சொல்லால் வரும் குழப்பம்

நமக்குப் பனி என்றால் மார்கழியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடக்கும்போது நனைக்கிற பனி. வின்டர் டயரைத் தமிழில் "பனி டயர்" என்று சொல்லிச் சொல்லி, மார்கழிப் பனிக்கும் மலைப் பகுதிக்கும் அது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். டயர் விஷயத்தில் பனி என்றால் கனடாவில் விழும் வெண்பனி. நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் எல்லாம் குளுகுளு என்று இருக்கும், சரி. ஆனால் அந்தக் குளிர் வின்டர் டயர் எதிர்பார்க்கும் குளிரின் பக்கத்தில்கூட வராது.

## நாலு வகை, ஒரே பார்வையில்

டயரின் பக்கவாட்டில் இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும். "எம் பிளஸ் எஸ்" (M+S) என்றால் சேறும் பனியும். பட்டனின் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி அது. அதற்குப் பரிசோதனை எதுவும் கட்டாயம் இல்லை. மூன்று முகடுள்ள மலையும் நடுவில் பனிப்பூவும் இருந்தால், இறுகிய பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயர் என்று அர்த்தம். ஆல்-சீசன் என்று விற்கும் டயர்களில் சிலவற்றில் முதல் குறி மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும். வட அமெரிக்காவில் இரண்டாவது வகையை ஆல்-வெதர் என்று தனியாக விற்கிறார்கள். கடையில் சொல்லும் பெயரை நம்ப வேண்டாம், குறியைப் பாருங்கள்.

| எதில் | பெர்ஃபார்மன்ஸ் கோடை டயர் | ஆல்-சீசன் (எம் பிளஸ் எஸ் மட்டும்) | ஆல்-வெதர் (மலைக்குறி உண்டு) | வின்டர் டயர் |
|---|---|---|---|---|
| 30 டிகிரி, காய்ந்த சாலை | மிக நல்லது | நல்லது | பரவாயில்லை | நெளியும், சீக்கிரம் தேயும் |
| 25 டிகிரி, கனமழை | மிக நல்லது (பட்டன் இருக்கும்வரை) | நல்லது | நல்லது | சுமார் |
| 7 டிகிரிக்குக் கீழே, காய்ந்த சாலை | விறைக்கும் | சுமார் | நல்லது | மிக நல்லது |
| வெண்பனி | ஓட்டவே கூடாது | நம்ப முடியாது | நல்லது | மிக நல்லது |
| உறைந்த பனிக்கட்டி | ஓட்டவே கூடாது | மோசம் | சுமார் | இருப்பதில் இதுவே மேல் |
| ஆயுள் | குறைவு | அதிகம் | நடுத்தரம் | குளிரில் நடுத்தரம், நம் ஊரில் மிகக் குறைவு |
| நம் மாவட்டத்தில் கிடைப்பது | ஆர்டர் போட்டால் வரும் | சில அளவுகளில் எளிது | அரிது | ஏறக்குறைய இல்லை |

## வின்டர் டயர்: எங்கே உயிர்காக்கும், எங்கே கெடுக்கும்

மச்சினனுக்கு என் பதில் நேரடியானது. வின்டர் டயர் தனி செட் வாங்கு, வேறு யோசனை வேண்டாம்.

காரணத்தை எண்ணில் சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால், காய்ந்த தாரில் பிடிப்பு எண் 0.8 என்று வைத்துக்கொண்டால் சுமார் 12 மீட்டரில் வண்டி நிற்கும். பனியில் அந்த எண் 0.3 ஆக இருந்தால் 33 மீட்டர். 0.2 ஆக இறங்கினால் 49 மீட்டர். இது வெறும் இயற்பியல் சூத்திரம்தான், கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. நல்ல டயருக்கும் பொருந்தாத டயருக்கும் பனியில் இருக்கும் வித்தியாசம் பிடிப்பு எண்ணில் அந்த 0.1தான். ஆனால் அது 16 மீட்டர். ஒரு பள்ளிக்கூடப் பேருந்தைவிட நீளம்.

நாலு வீலும் இழுக்கிற வண்டியில் ஆபத்து கூடுதல் என்றே நான் சொல்வேன். சிக்னலில் மற்றவர்கள் வழுக்கிக்கொண்டு நிற்கும்போது இந்த வண்டி சட்டென்று கிளம்பிவிடும். ஓட்டுபவருக்குச் சாலை நன்றாக இருக்கிறது என்று தோன்றும். அடுத்த சிக்னலில் நிற்க வேண்டியபோதுதான் உண்மை தெரியும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். மச்சினன் இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், வின்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத் தள்ளுபடி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதலே வேண்டும். ஜெர்மனியில் தேதிக் கணக்கு இல்லை. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் பொருத்தமான டயர் இருந்தாக வேண்டும். 2024 அக்டோபர் முதல் அங்கே மலைக்குறி உள்ள டயர் மட்டுமே செல்லும், எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் செல்லாது. ஜெர்மன்காரர்கள் "அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை" என்று ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதை ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

இனி இதே டயர் நம் ஊரில் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருஷம் முன்பு தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார். டெல்லியிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கிய எஸ்.யு.வி. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும் நாலுவழிச் சாலையில் நூறைத் தொட்டால் பின்பக்கம் நெளிகிறது என்றார். இரண்டு இடத்தில் அலைன்மென்ட் பார்த்துப் பணமும் கொடுத்திருக்கிறார். டயரை ஒரு கடையில் காட்டியபோது, "ஆல்-சீசன்தான், இன்னும் நல்லா ஓடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டியைத் தூக்கி டயரைத் தடவிப் பார்த்தேன். பெருவிரலை அழுத்தினால் பட்டன் அமுங்கியது. ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியதுபோல் பத்துப் பன்னிரண்டு மெல்லிய கீறல்கள். பனியைக் கவ்வுவதற்காகவே போடும் கீறல்கள் அவை. நம் சூட்டில் அந்தக் கீறல்களின் ஓரம் எல்லாம் பிய்ந்து, கையை ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் மீன் செதில் மாதிரியும் இருந்தது. பக்கவாட்டைத் துடைத்தால் மலையும் பனிப்பூவும் தெரிந்தன. முன்னால் வைத்திருந்தவர் இமயமலைப் பயணத்துக்காகப் போட்டிருப்பார் போல. அலைன்மென்ட்டில் ஒரு குறையும் இல்லை. டயரை மாற்றியதும் நெளிவது நின்றுவிட்டது.

மழைக்கு வின்டர் டயர் நல்லது என்ற பேச்சின் மூலம் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் அதன் ஆழமான காடிகள். காடி தண்ணீரை ஒதுக்கும், உண்மைதான். ஆனால் 25, 28 டிகிரியில் கலவை அளவுக்கு மீறி மென்மையாகிவிடுவதால் பிரேக் பிடிக்கும்போது பட்டன் முழுசும் சாய்கிறது. சாய்ந்த பட்டன் சாலையை முழுதாகத் தொடாது. குலசேகரத்துக்காரரிடம் அதனால்தான் முதலிலேயே சொன்னேன்: அண்ணாச்சி, அந்தப் பேச்சை விட்டுருங்க.

லடாக், மணாலி என்று வண்டியிலேயே போக நினைப்பவர்கள் கேட்பதுண்டு. ஒரு பயணத்துக்காக இங்கிருந்தே வின்டர் டயர் போட்டுக்கொண்டு மூவாயிரம் கிலோமீட்டர் வெயிலில் ஓட்டுவது டயருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. கோடையில் போங்கள். பனிக்காலத்தில்தான் போக வேண்டும் என்றால் அங்கே சக்கரச் சங்கிலி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் உள்ளூர் ஓட்டுநரோடு உள்ளூர் வண்டியில் போங்கள்.

## ஆல்-சீசன்: பெயர் பெரிது, எல்லை சிறிது

எல்லாப் பருவமும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எழுந்த இடத்தில் எல்லாப் பருவத்துக்கும் அது போதாது, நம் ஊரில் தாராளமாகப் போதும்.

கனடாவில் எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள ஆல்-சீசன் என்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கான டயர். அதைப் போட்டுக்கொண்டு ஜனவரியில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல வருஷம் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். மச்சினனும் அதைத்தான் சொன்னான், "பக்கத்து வீட்டுக்காரர் அஞ்சு வருஷமா அதுலதான் ஓடுறார்" என்று. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், உப்பு தூவிய பெரிய சாலையில் மட்டும் போகிறாரா என்று கேட்கச் சொன்னேன். இவன் ஷிப்ட் வேலைக்காரன். பனி அகற்றும் வண்டி வருவதற்கு முன்னால், விடியற்காலை நாலரை மணிக்குச் சின்னத் தெருவில் இறங்குபவன்.

மலைக்குறி உள்ள ஆல்-வெதர் வேறு கதை. மிதமான குளிர் உள்ள ஊர், வருஷத்தில் சில நாள் மட்டும் பனி, இன்னொரு செட்டை வைக்க இடம் இல்லாத அடுக்குமாடி வீடு, இந்த மூன்றும் சேர்ந்தால் அது நியாயமான முடிவு. வான்கூவர் நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு நான் அதைச் சொல்வேன். ஆனால் அந்தக் குறி பனியில் செய்த சோதனைக்குத்தான், பனிக்கட்டிக்கு இல்லை. ஐரோப்பிய டயர் லேபிளில் பனிக்கட்டிப் பிடிப்புக்கென்றே 2021 முதல் தனிப் படம் போடுகிறார்கள்.

நம் மாவட்டத்தில் ஆல்-சீசனின் பலம் ஆயுள். டயரில் தேய்மான எண் என்று ஒன்று பொறித்திருக்கும். பெர்ஃபார்மன்ஸ் டயர்களில் அது 300 பக்கம் இருந்தால், ஆல்-சீசனில் 500, 600 என்று பார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாள் திருவனந்தபுரம் போய்வருபவருக்கு, களியக்காவிளை நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு, அந்த வித்தியாசம் கையில் தெரியும். சத்தமும் குறைவாக இருக்கும்.

பலவீனம் என்ன என்றால், பெரிய இன்ஜின் உள்ள வண்டியின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் கொடுக்கக்கூடியதை அது முழுதாகச் சாலைக்குக் கொண்டுபோகாது. நாலுவழிச் சாலையில் வேகமாகப் போய் அவசரமாக நிறுத்தினால் கோடை டயரைவிடச் சில மீட்டர் தள்ளித்தான் நிற்கும்.

## பெர்ஃபார்மன்ஸ் கோடை டயர்: நம் ஊருக்கு இதுவே சொந்தம்

வருஷம் முழுக்க 20 டிகிரிக்கு மேலேயே இருக்கும் ஊர் இது. கோடை டயர் என்று எதற்காக ஒரு கலவை உண்டாக்கினார்களோ, அந்தக் கோடை நமக்கு 12 மாதமும் இருக்கிறது. சூடான ஈரச் சாலையில் இதன் பிடிப்புக்கு மற்றவை இணையாகா. இந்த வண்டிகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வருவதும் இதே டயரில்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. பட்டன் இருக்கும்வரைதான் இந்தப் பெருமை. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர்வரை ஓட்டலாம். நம் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 315 அகலமுள்ள பின் டயர் 2 மில்லிமீட்டரில் இருக்கும்போது, ஆரல்வாய்மொழி தாண்டி வரும் ஒரு பெருமழையில் அது டயர் இல்லை, படகு. பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் அங்கே சாதாரணமில்லை, காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். உயரமான வண்டி, தண்ணீரில் மிதக்கும் டயர், பக்கத்திலிருந்து காற்று, மூன்றும் சேரக் கூடாது.

கனடாவில் இதே டயரைக் குளிர்காலத்தில் விட்டுவைத்தால் ஓட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. கடும் குளிரில் வண்டியை அசைத்தாலே பட்டனில் விரிசல் விழலாம் என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். மச்சினனின் வண்டியில் இருந்தது இந்த வகைதான். அதனால்தான் நவம்பர் வரைக்கும் காத்திருக்காதே என்று அவசரப்படுத்தினேன்.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முன்னால் 275, பின்னால் 315 என்று இரண்டு அகலம் இருந்தால் முன்பின் மாற்றிப் போட முடியாது. சாதாரண வண்டியில் மாற்றிப் போட்டு நாலையும் சமமாகத் தேய்க்கலாம். இதில் பின் டயர் முதலில் போகும்.

நாலு வீலும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் சைடு வால் கிழிந்தாலும் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது சரிவராது. சுற்றளவு வித்தியாசம் முன்னையும் பின்னையும் இணைக்கும் கியர்ப்பெட்டியைத் தின்னும். குறைந்தது ஜோடியாக மாற்ற வேண்டும், பல சமயம் நாலையும். 21 அங்குலத்தில் நாலு டயர் என்றால் லட்சத்தைத் தாண்டிவிடும்.

கிடைப்பதும் ஒரு செலவுதான். 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு அரசு அனுமதி தேவை. இந்தப் பெரிய அளவுகள் பல வெளிநாட்டிலிருந்து வருபவை. பின் டயர் கிடைத்து முன் டயருக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்ந்து முடியும் வரை இருக்காமல், 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சொல்லிவைத்துவிட வேண்டும்.

மச்சினன் பக்கத்துக் கணக்கில் இருப்பவை: தனி ரிம், அதற்குத் தனியாகக் காற்றழுத்த சென்சார், வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றும் கூலி, வைக்க இடமில்லை என்றால் கடையில் பாதுகாக்கும் கட்டணம். ரிம் இல்லாமல் டயரை மட்டும் கழற்றி மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் ரிம்மிலிருந்து பிரித்து மாட்டினால் டயரின் ஓரம் பழுதாகும், கூலியும் கூடும். அங்கே சாலையில் தூவும் உப்பு விலையுயர்ந்த அலாயைத் தின்றுவிடும். குளச்சலில் கடலோரம் நிறுத்திய வண்டியின் நட்டு போல்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தச் செலவுகளுக்கு எதிரே ஒரு வரவும் இருக்கிறது. இரண்டு செட் இருந்தால் இரண்டும் பாதிப் பாதிதான் தேயும்.

குளிர் வந்தால் காற்றும் இறங்கும். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போகும். 20 டிகிரியில் காற்று அடித்துவிட்டு மைனஸ் 10இல் ஓட்டினால் 5 பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டுகிறோம் என்று அர்த்தம்.

## ரிம்மைச் சின்னதாக்குவது

இரண்டு பேருக்கும் நான் சொன்ன பொதுவான ஆலோசனை இது ஒன்றுதான்.

275/40 ஆர்21 முன்னாலும் 315/35 ஆர்21 பின்னாலும் இருக்கும் வண்டிக்கு, அதே மாடலின் சாதாரண ரகத்தில் 265/50 ஆர்19 நாலு பக்கமும் வருவதுண்டு. மொத்த உயரம் ஒரு சதவீதத்துக்குள்தான் மாறுகிறது. சைடு வால் 110 மில்லிமீட்டரிலிருந்து 132 ஆகிறது. பள்ளத்தைத் தாங்க 22 மில்லிமீட்டர் கூடுதல். அகலம் குறைவதால் தண்ணீரையும் பனியையும் வெட்டிக்கொண்டு போகும். நாலும் ஒரே அளவு என்பதால் முன்பின் மாற்றிப் போடலாம். விலையும் குறையும், கிடைப்பதும் எளிது.

ஒரு தடை உண்டு. பெரிய இன்ஜின் ரகத்தில் பிரேக் காலிபர் (டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) பெரிதாக இருக்கும், 19 அங்குல ரிம் அதன்மேல் உட்காராமல் போகலாம். வண்டியின் கையேட்டில் அனுமதித்த அளவுகளின் பட்டியல் இருக்கும். அதில் உள்ளதில் சின்னதை எடுங்கள், பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள். எடைக் குறியீட்டு எண்ணையும் குறைக்கக் கூடாது. 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும், 111 என்றால் 1090. வின்டர் டயரில் வேகக் குறியீடு ஒரு படி கீழே போவதை ஒத்துக்கொள்ளலாம், எடையில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அழகு குறையும் என்று தோட்டக்காரர் முகம் சுளித்தார். பேச்சிப்பாறை போகும் வழியில் டயர் வெடித்து, ஸ்டெப்னி இல்லாத வண்டியோடு மழையில் நின்ற கதையை அவரே முன்பு சொல்லியிருக்கிறார். அதை ஞாபகப்படுத்தினேன்.

## யார் எதை எடுக்கலாம்

ஒன்டாரியோ, கியூபெக், ஆல்பர்ட்டா, ஜெர்மனியின் தெற்கு, இப்படி மாதக்கணக்கில் 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஊரில் இருந்தால் சின்ன ரிம்மில் வின்டர் டயர் ஒரு செட், மற்ற மாதங்களுக்குக் கோடை டயரோ ஆல்-சீசனோ இன்னொரு செட். வின்டர் டயரின் பட்டன் 4 மில்லிமீட்டருக்கு வந்தால் அடுத்த பனிக்காலத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மிதமான குளிர், அபூர்வமாகப் பனி, வீட்டில் இடமில்லை: மலைக்குறி உள்ள ஆல்-வெதர்.

கன்னியாகுமரி மாவட்டம், நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகிறவர், மழையிலும் திருநெல்வேலி, மதுரை என்று பயணம் உள்ளவர்: கோடை டயர், 3 மில்லிமீட்டரில் மாற்றம்.

கன்னியாகுமரி மாவட்டம், பெரும்பாலும் உள்ளூர் ஓட்டம், நெரிசல், தோட்டத்துச் சாலை: சின்ன ரிம்மில் நல்ல ஆல்-சீசன். ஈரப்பிடிப்புக்கு ஐரோப்பிய லேபிளில் ஏ அல்லது பி வாங்கிய டயராகப் பாருங்கள். தோட்டக்காரர் இதைத்தான் எடுத்தார், 20 அங்குலத்தில். 19 அவர் வண்டியில் உட்காரவில்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வகை வண்டி உண்டு. உடமையாளர் வளைகுடாவில் இருப்பார், வண்டி ஷெட்டில் 10 மாதம் நிற்கும், லீவில் வந்தால் ஒரு மாதம் ஓடும். இவர்களுக்கு எந்த வகை டயர் என்பதைவிட எந்த வருஷத்து டயர் என்பதுதான் கேள்வி. பட்டன் புதிதுபோல் நிமிர்ந்து நிற்கும், ரப்பர் உள்ளுக்குள் வயசாகியிருக்கும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. 5 வருஷம் தாண்டியிருந்தால் ஊருக்கு வந்த முதல் நாளே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் அந்த முதல் ஓட்டத்திலேயே வண்டியில் பெட்டி, பிள்ளைகள், பெரியவர்கள் என்று முழு பாரம் இருக்கும். ஆகவே ஷெட்டிலிருந்து எடுப்பதற்கு முன்னால் காற்றையும் அந்த நாலு இலக்கத்தையும் பார்க்க வீட்டில் இருப்பவரிடம் போனில் சொல்லிவிடுங்கள்.